ஆடு ஒன்றுக்கு 1 மில்லி: கால்நடைக் குடற்புழு நீக்க மருந்தால் நாய்க்குட்டிக்கு நேர்ந்த நஞ்சேற்றம் – ஒரு நிகழ்வு ஆய்வு

வெள்ளாடு வளர்க்கும் ஒரு வீட்டில், ஆடுகளுக்காக வாங்கி வைத்திருந்த 1 சதவீத ஐவர்மெக்டின் ஊசி மருந்து, ஒரே மாலையில், ஒரே அளவில், தாய் நாய் ஒன்றுக்கும் அதன் பத்து வாரக் குட்டிக்கும் போடப்பட்டது. தாய்க்கு எந்தத் தொல்லையும் ஏற்படவில்லை. குட்டியோ மறுநாள் காலையில் தள்ளாடத் தொடங்கி, நண்பகலுக்குள் பார்வை இழந்து படுத்துவிட்டது. எந்தப் புழுவைக் கண்டு மருந்து போட்டார்களோ, அந்தப் புழு இரண்டின் வயிற்றிலும் அப்படியே இருந்தது. ஆட்டு மருந்தை நாய்க்குப் போட்டதே தவறு என்று ஒரு வரியில் முடித்துவிட இந்நிகழ்வு இடம் தரவில்லை. ஏனெனில் கால்நடைகளுக்கும் நாய்களுக்கும் பொதுவான மருந்துகள் உண்டு. அவற்றுள் ஒன்று நாய்க்கு மிகவும் பாதுகாப்பானதும்கூட. பிழை எங்கே நேர்ந்தது என்பதைக் கூறுகூறாகப் பிரித்துப் பார்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். உரிமையாளரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

நிகழ்வின் பின்னணி

வீட்டில் ஏறத்தாழ நாற்பது வெள்ளாடுகள் இருந்தன. மழைக்காலத்துக்கு முன் ஆடுகளுக்குக் குடற்புழு நீக்கமும் உண்ணி மருந்தும் தவறாமல் செய்துவிடும் குடும்பம் அது. பட்டியும் துப்புரவாகவே இருந்தது. பட்டிக்குக் காவலாக இருந்த நாட்டு நாய் குட்டிகள் போட்டு, ஒன்றைத் தவிர மற்றவை வேறு வீடுகளுக்குப் போய்விட்டன. எஞ்சிய பெட்டைக் குட்டியின் ஆசனவாயைச் சுற்றி அரிசி போன்ற சிறு துண்டுகள் ஒட்டியிருந்ததையும், குட்டி பின்புறத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருந்ததையும் பார்த்த வீட்டு மகன், ஆடுகளுக்கு ஊசி போட்டு முடித்த கையோடு மீதி மருந்தில் தாய்க்கு 1 மில்லியும் குட்டிக்கு 1 மில்லியும் தோலுக்கு அடியில் செலுத்தினார்.

மறுநாள் நண்பகலில் குட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது அவர் சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: "ஆட்டுக்குப் போடுற அளவுதான் டாக்டர், ஒரு மில்லிக்கு மேல போடல." அவர் காலி மருந்துக் குப்பியையும் கையோடு எடுத்து வந்திருந்தார். அந்த ஒரு செயலால் நோயறிதல் பெரிதும் எளிதாயிற்று.

பரிசோதனை

குட்டியின் எடை 2.5 கிலோ. உடல் வெப்பம் 36.8 டிகிரி செல்சியஸ். நாய்களுக்கு 38 முதல் 39 டிகிரி வரை இருக்க வேண்டும். வாயில் உமிழ்நீர் வடிந்தது. கண்மணிகள் இரண்டும் அகல விரிந்திருந்தன. கண்ணருகே கையைக் கொண்டுபோனாலும் இமைக்கவில்லை. தலையிலும் முன்கால்களிலும் மெல்லிய நடுக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எழுப்பி நிறுத்தினால் கால்கள் விரிந்து சரிந்தன. இதயத்துடிப்பு அந்த வயதுக் குட்டிக்கு இருக்க வேண்டியதைவிட மெதுவாக இருந்தது. ஈறுகள் வெளிறியிருந்தன, இது மருந்தின் விளைவன்று, புழுவின் விளைவு. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டைகளும் உருளைப்புழு முட்டைகளும் தெரிந்தன. ஆசனவாயில் ஒட்டியிருந்த துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் டிபிலிடியம் என்ற நாடாப்புழுவின் கணுக்கள் என்று உறுதியாயிற்று. குட்டியின் வயிற்றுப் பக்க மயிரை விலக்கியபோது தெள்ளுப்பூச்சிகள் ஓடின.

தாய் நாயையும் வரவழைத்துப் பார்த்தோம். எடை 16 கிலோ. கண், நடை, வெப்பம் எல்லாம் சரியாக இருந்தன. அதன் மலத்திலும் அதே நாடாப்புழுக் கணுக்கள் இருந்தன.

அளவுக் கணக்கு

1 சதவீத மருந்து என்றால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்துச் சரக்கு இருக்கிறது. சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்பது கிடைத்துவிடும்: 2.5 சதவீதம் என்றால் 25, 10 சதவீதம் என்றால் 100. கால்நடை வளர்ப்போர் அனைவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது ஒன்றே என்பேன். மாட்டுக்கான ஐவர்மெக்டின் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 50 கிலோவுக்கு 1 மில்லி. இந்த விதிப்படி குட்டிக்குப் பொருந்தியிருக்கக் கூடிய அளவு 0.05 மில்லி. இரண்டு மில்லி சிரிஞ்சில் உள்ள மிகச் சிறிய கோட்டின் பாதி அது. ஊசியின் அடிக்குழியில் தங்கிவிடும் மருந்தே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். குட்டி பெற்றதோ கிலோவுக்கு 4,000 மைக்ரோகிராம், இருபது மடங்கு. தாய் பெற்றது கிலோவுக்கு 625 மைக்ரோகிராம், மூன்று மடங்குக்குச் சற்று மேல்.

பீகிள் இன நாய்களில் செய்யப்பட்ட பழைய நச்சுத்தன்மைச் சோதனைகளில், கிலோவுக்கு 2 மில்லிகிராம் வரை வெளிப்படையான குறிகள் தென்படவில்லை, 2.5 மில்லிகிராமில் கண்மணி விரிந்தது. 5 மில்லிகிராமில் நடுக்கம் வந்தது. தாய் அந்த எல்லைக்கு மிகக் கீழே நின்றது. குட்டி அதைத் தாண்டிவிட்டது. ஆகவே இரண்டின் நிலையும் கணக்குக்குப் பெரிதும் பொருந்துகிறது. ஆனால் தாய்க்கு ஒன்றும் ஆகாததைக் கண்ட குடும்பம் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் வேறு: மருந்தில் குறை இல்லை, குட்டிக்குத்தான் ஏதோ கோளாறு என்பது. ஊர்களில் இப்படிப்பட்ட பழக்கங்கள் நிலைத்துப்போவதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். பெரிய நாய்கள் பல தப்பிவிடுகின்றன. தப்பியவை அடுத்தவருக்குச் சான்றாகிவிடுகின்றன.

மருத்துவம்

ஐவர்மெக்டினுக்கு முறிவு மருந்து கிடையாது. மருந்து உடலை விட்டு மெதுவாகவே வெளியேறும். நாயின் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். அதுவரை மூச்சும் சூடும் நீர்ச்சத்தும் குறையாமல் குட்டியைக் காப்பதுதான் மருத்துவத்தின் பெரும்பகுதி. வெந்நீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி இருபுறமும் வைத்துச் சூடேற்றினோம். குளுக்கோஸ் கலந்த நீர்மம் சிரை வழியாக ஏற்றப்பட்டது. இமைக்காத கண்கள் காய்ந்து புண்ணாகாமல் இருக்கக் களிம்பு தடவப்பட்டது. நான்கு மணிக்கு ஒருமுறை குட்டியைப் புரட்டிப் படுக்க வைக்கவும், அடிவயிற்றை மெல்ல அழுத்திச் சிறுநீர் கழிக்கச் செய்யவும் வீட்டாருக்குக் கற்றுக்கொடுத்தோம். அந்த வேலையை அவர்கள் இரவு பகல் பாராமல் செய்தார்கள். குட்டி பிழைத்ததில் பெரும்பங்கு அவர்களுடையது.

நடுக்கத்துக்கு வழக்கமாகப் போடப்படும் டயசிபாம் தவிர்க்கப்பட்டது. மூளையில் ஐவர்மெக்டின் தூண்டிவிடும் அதே நரம்பு வாங்கிகளின் (மருந்து பற்றிக்கொள்ளும் புரதங்களின்) வழியாகவே டயசிபாமும் வேலை செய்வதால், அது மயக்கத்தை ஆழப்படுத்தக்கூடும். ஊசியாகப் போனாலும் இம்மருந்து பித்தநீரோடு குடலுக்குள் வந்து மீண்டும் உறிஞ்சப்படுவதால், குடலில் நஞ்சைப் பிடித்துவைக்கும் கரித்தூள் கொடுப்பதற்கு நியாயம் உண்டு. ஆனால் விழுங்கும் திறன் குறைந்த குட்டிக்கு வாய்வழி எதைக் கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் அதையும் விட்டோம். மனிதர்களுக்கான மருந்துக்கடையிலிருந்து 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு வருவிக்கப்பட்டு, முதலில் கிலோவுக்கு 1.5 மில்லி வீதம் மெல்லச் செலுத்தி, பின்னர் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மில்லி வீதம் அரை மணி நேரம் ஏற்றப்பட்டது. கொழுப்பில் கரையும் நச்சுகளை இரத்தத்தில் பிடித்துவைத்து மூளையிலிருந்து விலக்கும் என்ற எண்ணத்தில் செய்யப்படும் மருத்துவம் இது. இது இல்லாமலேயே குட்டி தேறியிருக்கவும் கூடும் என்பதால், பலனை இதன் கணக்கில் எழுதுவது முறையாகாது.

இரண்டாம் நாள் நிலை மேலும் மோசமாயிற்று. தோலடி ஊசியில் மருந்து ஊறி உச்சத்தை எட்ட நேரம் எடுக்கும் என்பதால் இது எதிர்பார்த்ததே. மூன்றாம் நாள் தலையைத் தூக்கியது. நான்காம் நாள் தாங்கிப் பிடித்தால் நின்றது. விரலில் தொட்டு வைத்த கஞ்சியை நக்கியது. பார்வை கடைசியாகவே திரும்பியது: ஆறாம் நாள், நகரும் கையைக் கண்கள் பின்தொடர்ந்தன.

பத்தாம் நாள் மலத்தை மறுபடி சோதித்தபோது கொக்கிப்புழு, உருளைப்புழு முட்டைகள் காணப்படவில்லை. நாடாப்புழுக் கணுக்கள் மட்டும் முன்போலவே வந்துகொண்டிருந்தன. உயிருக்கே உலை வைத்த இருபது மடங்கு அளவும் நாடாப்புழுவைத் தொடவில்லை என்பதை அந்தக் கண்ணாடிச் சில்லில் பார்த்தபோது வீட்டு மகன் வெகுநேரம் பேசவில்லை. ஐவர்மெக்டின் புழுவைக் கொல்வது, உருளைப்புழு இனங்களின் நரம்பிலும் தசையிலும் உள்ள ஒருவகைக் குளோரைடு வாயில்களைத் திறந்து அவற்றை முடக்குவதால். அந்த வழி நாடாப்புழுவிடம் பலிப்பதில்லை. அதற்கு உரிய மருந்து பிராசிகுவான்டெல், கிலோவுக்கு 5 மில்லிகிராம். பிராசிகுவான்டெல் 50, பைரன்டெல் 144, ஃபெபன்டெல் 150 மில்லிகிராம் சேர்ந்த நாய் மாத்திரை 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் விற்கப்படுவதால், குட்டிக்குக் கால் மாத்திரையும் தாய்க்கு அதன் எடைக்கு ஏற்றபடியும் கொடுக்கப்பட்டன. தெள்ளுப்பூச்சிக்குத் தனியே மருந்து தரப்பட்டு, அவை படுக்கும் சாக்குகள் மாற்றப்பட்டன. இதைச் செய்யாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால், நாய் உடலைக் கடித்துத் தெள்ளுப்பூச்சியை விழுங்கும்போது நாடாப்புழு சில வாரங்களில் திரும்பிவிடும்.

ஆய்வு: எந்த மருந்து, எவ்வளவு, யாருக்கு

இதே வீட்டில் அன்று ஐவர்மெக்டினுக்குப் பதிலாக, வாய்வழி கொடுக்கும் மற்றொரு குடற்புழு மருந்தான ஃபென்பெண்டசோல் குப்பி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பது பயனுள்ளது. ஆட்டுக்கு அதன் வழக்கமான அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஒருமுறை. நாய்க்கு கிலோவுக்கு 50 மில்லிகிராம், நாள் ஒன்றுக்கு ஒருமுறையாகத் தொடர்ந்து மூன்று நாள். 25 கிலோ ஆட்டுக்கு வேண்டியது 125 மில்லிகிராம், 2.5 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு வேண்டியதும் அதே 125 மில்லிகிராம். 10 சதவீத நீர்ம மருந்தில் அது 1.25 மில்லி, 2.5 சதவீத நீர்ம மருந்தில் 5 மில்லி. ஆக, ஆட்டுக்குரிய மில்லியை அப்படியே கொடுத்திருந்தாலும் குட்டிக்குத் தீங்கு வந்திருக்காது. மாறாக, ஆட்டின் எடைக்கணக்கைக் குட்டிக்குப் பொருத்திக் கொடுத்திருந்தால் தேவையில் பத்தில் ஒரு பங்குதான் போயிருக்கும். அதுவும் ஒரே நாள் கொடுத்திருந்தால் புழு போகாமல், மருந்து கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் மிஞ்சியிருக்கும். ஒரே பழக்கம் ஒரு மருந்தில் நஞ்சாகவும் மற்றொன்றில் வீண் மருந்தாகவும் முடிகிறது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வோர் உயிரினத்துக்கும் அளவு தனி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஃபென்பெண்டசோல் கொக்கிப்புழு, உருளைப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றையும், டீனியா வகை நாடாப்புழுவையும் போக்கும். இக்குட்டிக்கு இருந்த டிபிலிடியத்தை நம்பத்தக்க அளவில் போக்காது. நாய்களில் அதன் பாதுகாப்பு எல்லை மிக அகலமானது. நாய் மாத்திரை கிடைக்காத இடத்தில், மருத்துவர் எடை பார்த்துக் குறித்துக் கொடுத்தால், கால்நடைக்கான ஃபென்பெண்டசோலைப் பயன்படுத்துவதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் அது கரையாமல் மிதக்கும் தூள்; குப்பியை நன்றாகக் குலுக்காமல் மேலே உள்ள தெளிவை ஊற்றினால் மருந்து அடியிலேயே தங்கிவிடும். குப்பியில் ஃபென்பெண்டசோல் மட்டுமே இருக்கிறதா என்பதையும் சிறிய எழுத்துகள் வரை படித்துப் பார்க்க வேண்டும்.

கூட்டு மருந்துகளிடம் எனக்குள்ள அச்சம் பெரிது. ஐவர்மெக்டினோடு குளோசான்டெல் சேர்ந்த மருந்துகள் ஆடு மாடுகளின் தட்டைப்புழுவுக்கும் இரத்தம் உறிஞ்சும் புழுவுக்கும் விற்கப்படுகின்றன. குளோசான்டெல் நாயின் விழித்திரையையும் பார்வை நரம்பையும் கெடுத்து நிலையான குருட்டை உண்டாக்கக் கூடியது. மற்றொரு கால்நடைக் குடற்புழு மருந்தான லெவாமிசோல் நாய்களில் வாந்தி, நடுக்கம், இரத்தச் சிதைவு ஆகியவற்றைத் தரக்கூடியது. அதில் குணம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அல்பெண்டசோல் ஃபென்பெண்டசோலின் உறவுதான் என்றாலும், நாய்களில் எலும்பு மச்சையை ஒடுக்கி இரத்த அணுக்களைக் குறைத்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. சினை நாய்க்கு அது கூடவே கூடாது. ஐவர்மெக்டினிலேயே 1 சதவீதமும் உண்டு, நீண்ட நாள் வேலை செய்யும் 3.15 சதவீதமும் உண்டு. பின்னதில் ஒரு மில்லிக்கு 31.5 மில்லிகிராம். அன்று அந்த வீட்டில் இருந்தது இரண்டாவது குப்பியாக இருந்திருந்தால், இந்த ஆய்வு வேறு விதமாக முடிந்திருக்கும்.

தாய் நாய் தப்பியதை எல்லா நாய்களுக்கும் பொதுவாகக் கொள்ள முடியாததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஐவர்மெக்டின் 1981இல் கால்நடை மருந்தாகச் சந்தைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, மற்ற நாய்கள் தாங்கும் அளவில் கோலி இன நாய்கள் மட்டும் மயங்கி இறப்பது கவனிக்கப்பட்டது. காரணம் புலப்பட்டது எதிர்பாராத இடத்தில்: ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தில், ஆல்ஃபிரட் ஷிங்கெல் குழுவினர் ஒரு மரபணுவை நீக்கி வளர்த்த எலிகளுக்கு, மேல்தோல் சிற்றுண்ணிக்காக ஐவர்மெக்டின் தெளிக்கப்பட்டபோது, மரபணு நீக்கப்பட்டவை மட்டும் இறந்தன. அந்த மரபணு உண்டாக்கும் புரதம், மூளைக்குள் நுழையும் மருந்தை இரத்தத்துக்கே திருப்பித் தள்ளும் காவலாக இருப்பதை 1994இல் அவர்கள் வெளியிட்டனர். 2001இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேத்ரினா மீலி குழுவினர், பாதிப்புக்குள்ளாகும் கோலிகளில் அதே மரபணுவின் குறியீட்டில் நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டறிந்தனர். பெற்றோர் இருவரிடமிருந்தும் அக்குறையைப் பெற்ற நாய்க்கு, கிலோவுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டினாலே நஞ்சேறத் தொடங்கும்; மாட்டுக்கான 200 மைக்ரோகிராமே அதற்கு ஆபத்து. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்டு, ஷெட்லாண்டு ஷீப்டாக் ஆகியவற்றில் இக்குறை மிகுதி; நம் ஊர்களில் பரவலாக வளர்க்கப்படும் ஜெர்மன் ஷெப்பர்டிலும் ஓரளவு உண்டு. கலப்பு நாயின் தோற்றத்தை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட நாய்களுக்குக் கணக்கைச் சரியாகப் போட்டாலும் பாதுகாப்பு இல்லை.

இதயப்புழுவின் இளம்புழுக்கள் இரத்தத்தில் நிறைந்த நாய்க்கும் ஐவர்மெக்டின் அதிர்ச்சியை உண்டாக்கக்கூடும் என்பதால், இரத்தச் சோதனை இல்லாமல் அதைக் கையிலெடுப்பதை நான் ஏற்பதில்லை. நாய்களுக்கான இதயப்புழுத் தடுப்பு மருந்தில் இருக்கும் ஐவர்மெக்டின் கிலோவுக்கு வெறும் 6 மைக்ரோகிராம். நாய்க்கும் இதே மருந்துதானே கொடுக்கிறார்கள் என்று கேட்போருக்கு, இரண்டுக்கும் இடையிலுள்ள இத்தொலைவை எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆடு வளர்க்கும் வீட்டில் நாயின் நாடாப்புழுவை அலட்சியம் செய்வதற்கில்லை. அறுத்த ஆட்டின் ஈரல், நுரையீரல், தலை ஆகியவற்றைப் பச்சையாக நாய்க்குப் போட்டால், அவற்றிலுள்ள நீர்க்கட்டிகள் நாயின் குடலில் வேறு வகை நாடாப்புழுவாகி, அதன் முட்டைகள் மேய்ச்சல் வழியாக மறுபடி ஆட்டுக்கும், கை வழியாக மனிதருக்கும் போகும். ஆட்டின் மூளையில் கட்டி வந்து அது சுற்றிச் சுற்றி நடப்பதும் இவ்வகையில் வருவதே. ஆட்டுப் பட்டியைக் காக்க நினைப்பவர் நாய்க்குப் பிராசிகுவான்டெல் கொடுப்பது ஆட்டுக்குச் செய்யும் மருத்துவமும் ஆகும்.

குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்தே, எட்டு வாரம் வரை இரு வாரங்களுக்கு ஒருமுறை பைரன்டெல் கொடுப்பதே நடைமுறை. உருளைப்புழு கருவிலேயே தாயிடமிருந்து வருகிறது; கொக்கிப்புழு பாலில் வருகிறது. இக்குட்டிக்கு முறையாகக் கொடுத்திருந்தால், பத்து வாரத்தில் ஈறு வெளிறிய நிலை வந்திருக்காது.

தவறாக ஊசி போட்டாயிற்று என்று தெரிந்தவுடன் குறி தோன்றும்வரை காத்திருக்கலாகாது. குப்பியை எறிந்துவிடாமல், போட்ட மணியையும் மில்லியையும் ஒரு தாளில் குறித்து, நாயோடு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். தள்ளாடும் நாய்க்குப் பால், மோர், எண்ணெய் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் முயலக் கூடாது. போகும் வழியில் உடல் குளிர்ந்துவிடாமல் துணியில் சுற்றி, தலை சற்றுத் தாழ்ந்து எச்சில் வெளியே வடியும்படி பக்கவாட்டில் படுக்க வைத்தால் போதும்.